ராஜா குடியிருந்த பாறை: எடின்பரோ கோட்டையின் கதை

ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டைகளைப் பற்றிப் புதிதாகப் படிக்க ஆரம்பிப்பவர்களுக்கு முதலில் வரும் குழப்பம், இது படை தங்கும் இடமா, இல்லை ராஜா குடியிருக்கும் வீடா என்பதுதான். இரண்டும்தான். சுமாராக 11ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை அங்கே கோட்டை என்றால், அதிகாரம் உள்ள ஒருவர் தன் குடும்பத்தோடும் ஆட்களோடும் வாழ்வதற்காகக் கட்டிய வீடு, ஆனால் எதிரி வந்து வாசலில் நின்றால் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்படி கட்டிய வீடு. அதே மதிலுக்குள் படுக்கையறையும் இருக்கும், ஆயுதக் கிடங்கும் இருக்கும். சிற்றாலயம், சமையற்கட்டு, குதிரை லாயம், தானியக் குதிர், கஜானா, ஆவண அறை, சிறை எல்லாமே இருக்கும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ராஜாவின் இருப்பிடம் என்றதும் அவர் வருடம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தார் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ராஜா ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார். வழக்குகளைக் கேட்க வேண்டும், பிரபுக்கள் கண்ணில் பட வேண்டும், தன் நிலங்களில் விளைந்ததை அங்கங்கே போய்ச் சாப்பிட்டுத் தீர்க்கவும் வேண்டும். ஸ்காட்லாந்து ராஜாக்களுக்கு ஸ்டிர்லிங், பெர்த், டன்ஃபர்ம்லின், லின்லித்கோ என்று பல இடங்கள் இருந்தன. எடின்பரோ அவற்றில் ஒன்றாகத்தான் ஆரம்பித்தது, பிறகு மெல்ல மெல்ல முதலிடத்துக்கு வந்தது.

மலைக்கோட்டையைப் புரிந்துகொள்ள எடின்பரோவை எடுத்துக்கொள்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. ராஜாக்களை அந்தப் பாறைக்கு இழுத்தது எதுவோ, அதுதான் பின்னால் அவர்களை அங்கிருந்து விரட்டவும் செய்தது. இவ்வளவு தெளிவாக அதைக் காட்டும் கோட்டை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

பாறையிலிருந்து தொடங்குவோம். கோட்டை நிற்பது ஓர் எரிமலையின் தொண்டைக்குழியில். சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் மேலே வந்த குழம்பு அந்தக் குழாய்க்குள்ளேயே உறைந்து மிகக் கடினமான கருங்கல்லாகிவிட்டது. ரொம்பப் பிறகு, பனியுகத்தில், மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்த பனிப்பாறைகள் சுற்றியிருந்த மென்மையான பாறையை எல்லாம் சுரண்டிக்கொண்டு போயின, இந்த ஒரு கட்டியை மட்டும் அவற்றால் அசைக்க முடியவில்லை. ஓடுகிற ஆற்றில் பெரிய கல் ஒன்று கிடந்தால் அதன் பின்பக்கம் மணல் வால் மாதிரி நீளமாக ஒதுங்கி நிற்குமே, கிட்டத்தட்ட அதேபோல இந்தப் பாறையின் கிழக்குப் பக்கம் மட்டும் அரிக்கப்படாமல், சரிவான ஒரு முதுகாக மிஞ்சியது. வடக்கு, மேற்கு, தெற்கு மூன்று பக்கமும் ஏறத்தாழ 80 மீட்டர் செங்குத்து. உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர். ஏறி வர ஒரே வழி, கிழக்குச் சரிவு. எடின்பரோவின் பழைய நகரம் முழுக்க அந்தச் சரிவின் மேல்தான் வளர்ந்தது, ராயல் மைல் என்று இன்று அழைக்கிற தெருவும் அதன் முதுகில்தான் ஓடுகிறது.

அப்படியானால் கோட்டையைக் காக்க வேண்டியவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரிதான், மூன்று பக்கத்தைப் பாறை பார்த்துக்கொள்ளும், நான்காவது பக்கத்தில் மதிலும் வாயிலும் எழுப்பி ஆட்களை நிறுத்தினால் போதும். ஆனால் அந்தக் கருங்கல்லுக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. பெய்கிற மழை வழிந்து ஓடிவிடும். பாறையைக் குடைந்து தோண்டிய கிணறு ஒன்று இருந்தது, ஆனால் வறண்ட காலத்தில், அதுவும் நூற்றுக்கணக்கான ஆட்களும் குதிரைகளும் உள்ளே அடைபட்டிருக்கும்போது, அது போதவே போதாது. கோட்டை என்றால் மதிலின் உயரத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது கிணற்றைப் பற்றி. இந்தக் கட்டுரையின் பாதிக் கதை அந்தக் கிணற்றில்தான் இருக்கிறது.

சரி, யார் முதலில் அங்கே ஏறினார்கள்? அகழாய்வுகளின்படி இரும்புக் காலத்திலிருந்தே, அதற்கும் முன்பிருந்தேகூட, மக்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். கி.பி. 600 வாக்கில் கொடோதின் என்ற மக்களுக்கு இது முக்கிய இடம். 638இல் ஓர் முற்றுகை நடந்ததாகப் பழைய குறிப்பு இருக்கிறது, அதன் பிறகு இந்தப் பகுதி வடக்கு இங்கிலாந்தில் குடியேறியிருந்த ஆங்கிலியர் என்ற மக்கள் கைக்குப் போனது. ராஜ குடும்பத்தோடு கோட்டைக்கு உள்ள தொடர்பு நமக்குத் தெளிவாகத் தெரியத் தொடங்குவது 1093இல்தான். அந்த நவம்பரில் மூன்றாம் மால்கம் ராஜா இங்கிலாந்தின் வடக்கே அன்னிக் என்ற இடத்தில் கொல்லப்பட்டார். ஏற்கெனவே உடல்நலம் குன்றியிருந்த ராணி மார்கரெட் எடின்பரோவில் அந்தச் செய்தியைக் கேட்டு, அடுத்த சில நாட்களில் இறந்துபோனார். கீழே எதிரிகள் காத்திருக்க, மூடுபனியில் மேற்குப் பக்கமாக ராணியின் உடலை இறக்கி டன்ஃபர்ம்லினுக்கு அடக்கத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று பிற்கால வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவருடைய மகன் முதலாம் டேவிட் 1130 வாக்கில் தாயின் நினைவாக ஒரு சிற்றாலயம் கட்டினார். எடின்பரோ நகரத்திலேயே இன்று நிற்கும் மிகப் பழைய கட்டடம் அதுதான். உள்ளே ஒரு சிறு கூட்டம்கூட நெருக்கிக்கொண்டுதான் நிற்க முடியும், ராஜ குடும்பம் தனியாகப் பிரார்த்தனை செய்யக் கட்டியது அது. வளைவில் செதுக்கியிருக்கும் கோணல்மாணல் பட்டை வேலைப்பாடு அந்தக் காலத்து நார்மன் பாணி. இந்தச் சின்னக் கட்டடம் பின்னால் வெடிமருந்துக் கிடங்காகி, என்னவென்றே மறந்துபோய், 1845இல்தான் மறுபடி அடையாளம் காணப்பட்டது. இத்தனை முற்றுகைகளுக்கு நடுவே அது தப்பிப் பிழைத்திருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே சிலிர்க்கிறது.

ராஜாவின் வீடு என்பதால் கோட்டை ராஜதந்திரத்தில் ஒரு பணயப் பொருளாகவும் ஆனது. 1174இல் ராஜா வில்லியம் அதே அன்னிக்கில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். விடுதலைக்கு அவர் ஒப்புக்கொண்ட ஃபலேஸ் ஒப்பந்தப்படி எடின்பரோ உட்படச் சில கோட்டைகளை இங்கிலாந்து ராஜாவிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 12 ஆண்டுகள் கழித்து, 1186இல், அவர் எர்மெங்கார்ட் என்ற பெண்ணை மணந்தபோது கோட்டை சீதனமாகத் திரும்பி வந்தது. ஒரு சண்டையும் இல்லாமல் போய், ஒரு சண்டையும் இல்லாமல் வந்தது. கோட்டை கைமாறுவது என்றாலே ஏணியும் தீயும்தான் என்று நினைக்கிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நூறு ஆண்டுகள் ஓரளவு அமைதி. அப்புறம் 1286 மார்ச்சில் ஒரு புயல் இரவு. மூன்றாம் அலெக்சாண்டர் எடின்பரோ கோட்டையில் ஆலோசனைக் கூட்டத்தை முடித்துவிட்டு, ஃபோர்த் கழிமுகத்துக்கு அப்பால் கிங்ஹார்னில் இருந்த புது ராணியைப் பார்க்க, எல்லோரும் தடுத்தும் கேட்காமல் கிளம்பினார். வழியில் குதிரையோடு விழுந்து இறந்தார். அவருடைய பிள்ளைகள் எல்லோரும் முன்பே இறந்திருந்தார்கள், வாரிசாக மிஞ்சிய நார்வே நாட்டுப் பேத்தியும் 1290இல் இறந்துபோக, அரியணைக்குப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டி போட்டார்கள். தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் கடைசியில் நாட்டையே எடுத்துக்கொள்ளப் படையோடு வந்தார்.

1296இல் எட்வர்டின் கல்லெறி இயந்திரங்கள் மூன்று நாள் இடைவிடாமல் அடித்ததில் கோட்டை பணிந்தது. அதன் பிறகு அவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்து அரசின் ஆவணங்களையும் விலையுயர்ந்த பொருட்களையும் பெட்டி பெட்டியாக லண்டனுக்கு அனுப்பினார். ஸ்கூனில் ராஜாக்களை முடிசூட்டும்போது உட்காரவைக்கும் கல்லையும் அதே ஆண்டு எடுத்துக்கொண்டு போனார். எந்த நிலம் யாருக்குச் சொந்தம், யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருந்தது. ராஜாவின் கோட்டையைப் பிடிக்கிறவருக்குக் கட்டடத்தோடு சேர்த்து அரசாங்கத்தின் ஞாபகமும் கிடைத்துவிடுகிறது.

அந்தப் பாறையின் மீது எனக்கு மிகவும் பிடித்த கதை 1314இல் நடக்கிறது. ஸ்காட்லாந்தின் புது ராஜா ராபர்ட் புரூஸ் ஒவ்வொரு கோட்டையாக மீட்டுக்கொண்டு வருகிறார், எடின்பரோ மட்டும் ஆங்கிலேயர் கையில். முற்றுகையை நடத்துவது அவருடைய சொந்தக்காரர் தாமஸ் ராண்டால்ஃப். நேரடியாக மோதினால் பலிக்காது என்று தெரிந்து, பாறையில் ஏறும் வழி யாருக்காவது தெரியுமா என்று விசாரித்தார். வில்லியம் ஃபிரான்சிஸ் என்ற ஒருவர் முன்வந்தார். அவருடைய அப்பா முன்பு அந்தக் கோட்டையில் பொறுப்பில் இருந்தவர். இளவயதில் நகரத்தில் இருந்த ஒரு பெண்ணைப் பார்க்க, யாருக்கும் தெரியாமல் இரவு நேரத்தில் அந்தச் செங்குத்துப் பாறையில் இறங்கி ஏறிப் பழகியவர் அவர், இருட்டிலும் அந்த வழி அவருக்கு அத்துப்படி. மார்ச் 14 இரவு, முப்பது பேர் அவர் பின்னால் வடக்குப் பக்கப் பாறையில் ஏறினார்கள். மேலே காவலர்கள் நடக்கும் சத்தம் கேட்கிறது, பாதி வழியில் ஒண்டிக்கொண்டு மூச்சை அடக்கி நிற்கிறார்கள், அவர்கள் நகர்ந்ததும் மறுபடி ஏறுகிறார்கள், கடைசியில் கொண்டுவந்த ஏணியை மதிலில் சாய்த்து உள்ளே குதிக்கிறார்கள். கோட்டை விழுந்தது. ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குப் பிறகு ஜான் பார்பர் என்ற கவிஞர் எழுதிவைத்ததால் இந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்கிறது.

வென்ற கோட்டையை புரூஸ் என்ன செய்தார்? மதில்களை இடிக்கச் சொன்னார். இதைக் கேட்டதும் புதியவர்கள் பலர் ஆச்சரியப்படுவார்கள், ஆனால் அவருடைய கணக்குச் சரியானது. கோட்டை யார் பக்கமும் இல்லை, உள்ளே இருப்பவருக்கே அது உழைக்கும். ஆங்கிலேயர் மறுபடி வந்து உட்கார்ந்தால் அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடு, அதைவிட உட்கார இடமே இல்லாமல் செய்துவிடலாம். சிற்றாலயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். அவர் பயந்தபடியே 1330களில் ஆங்கிலேயர் திரும்ப வந்து, இடிந்ததைச் சீர்செய்து, காவல்படை வைத்தார்கள்.

இந்த முறை அதை மீட்டது தந்திரம். 1341 ஏப்ரலில் ஸ்காட்லாந்துப் பிரபு வில்லியம் டக்ளஸும் அவருடைய ஆட்களும் வியாபாரிகள் போல வேஷம் போட்டு, காவல்படைக்குத் தானியமும் சரக்கும் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி வாயிலுக்கு வந்தார்கள். கதவு திறந்ததும் சுமையை அப்படியே வாயிலின் நடுவில் போட்டார்கள். கதவை மூட முடியவில்லை, மேலிருந்து இறங்கும் இரும்புக் கம்பிக் கதவும் தரையைத் தொட முடியவில்லை, பக்கத்தில் ஒளிந்திருந்தவர்கள் ஓடி வந்து உள்ளே நுழைந்துவிட்டார்கள். முற்றுகையிட வந்தவரைத் தடுப்பது பாறைக்குச் சுலபம். ஆனால் மேலே இருப்பவர்கள் சாப்பிட்டாக வேண்டும், அதற்குக் கதவைத் திறந்தாக வேண்டும்.

இதற்குப் பிறகுதான் எடின்பரோ உண்மையான ராஜ இல்லமாகிறது. இரண்டாம் டேவிட், புரூஸின் மகன், 1346இல் போரில் பிடிபட்டு 11 ஆண்டுகள் இங்கிலாந்தில் கைதியாக இருந்தவர். திரும்பி வந்ததும் எடின்பரோவைத் தன் முக்கிய இருப்பிடமாக்கிக்கொண்டார். 1360களின் கடைசியில் அவர் கட்டத் தொடங்கிய கோபுரம், டேவிட் கோபுரம், 30 மீட்டருக்கும் மேல் உயரம். அந்தக் காலத்துக் கோபுர வீடு என்ற அமைப்பைப் புரிந்துகொள்ள இது நல்ல உதாரணம். பரந்து விரிந்த அரண்மனையை அப்படியே செங்குத்தாக நிமிர்த்தி வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம்: கீழே கிடங்கு, அதற்கு மேலே கூடம், அதற்கும் மேலே தனி அறைகள். சுவர்கள் தடிமனானவை, படிகள் குறுகலானவை. பாறை உச்சியில் இடம் குறைவு, அதனால் வீடு மேலே போனது. டேவிட் அதை முடிக்கும் முன்பே 1371இல் அதே கோட்டையில் இறந்தார், அடுத்து வந்த ராபர்ட் ராஜா கட்டி முடித்தார். அடுத்த இருநூறு ஆண்டுகள் எடின்பரோ என்றால் தூரத்திலிருந்தே கண்ணில் படுவது அந்தக் கோபுரம்தான்.

பாதுகாப்பான வீடு என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு, உள்ளே இருப்பவரும் வெளியே போக முடியாது. 1437இல் முதலாம் ஜேம்ஸ் பெர்த்தில் கொலையான பிறகு ஆறு வயதுப் பையனான இரண்டாம் ஜேம்ஸ் ராஜாவானார். குழந்தை ராஜா யார் கையில் இருக்கிறாரோ நாடே அவர் கையில் என்ற நிலை. 1440 நவம்பரில் கோட்டையின் பொறுப்பிலிருந்த வில்லியம் கிரைட்டனும் அவருடைய கூட்டாளிகளும், நாட்டிலேயே பலம் வாய்ந்த டக்ளஸ் குடும்பத்தின் இளம் பிரபுவையும் அவர் தம்பியையும் ராஜாவோடு விருந்துக்கு அழைத்தார்கள். மூத்தவருக்கு வயது 16 தான் இருக்கும். விருந்தின் நடுவே துரோகக் குற்றம் சாட்டி, அவசர விசாரணை ஒன்றை நடத்தி, இருவரையும் வெளியே இழுத்துக் கொன்றார்கள். பத்து வயது ராஜா அழுது கெஞ்சினார் என்றும், மரணத்தின் அடையாளமாகக் கருப்புக் காளையின் தலையை மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள் என்றும் பின்னால் சொல்லப்பட்டது, அந்தக் காளைத் தலை பிற்காலத்தில் சேர்ந்த கதையாக இருக்கலாம். கொலைகள் நடந்தது நிச்சயம். 1482இல் மூன்றாம் ஜேம்ஸையே அவருடைய பிரபுக்கள் பிடித்து இதே கோட்டையில் சில மாதங்கள் அடைத்து வைத்தார்கள். தன் வீட்டிலேயே கைதி!

இந்த நேரத்தில் போர் முறையே மாறிக்கொண்டிருந்தது. 1449இல் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மான்ஸ் நகரில் செய்த பெரிய பீரங்கி ஒன்றை, 1457இல் பர்கண்டி பிரபு ஃபிலிப் இரண்டாம் ஜேம்ஸுக்குப் பரிசாக அனுப்பினார். அதுதான் மான்ஸ் மெக். எடை சுமார் 6 டன், எறியும் கல்குண்டு ஒன்று 150 கிலோ. இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, சுற்றிலும் இரும்பு வளையங்களை மாட்டி இறுக்கிய அமைப்பு. இழுத்துக்கொண்டு போவதே பெரிய வேலையாக இருந்ததால் அடுத்த நூறு ஆண்டுகளிலேயே அது போர்க்களத்தை விட்டு விழா மரியாதை வெடிக்கு வந்துவிட்டது. ஆனாலும் அது கொண்டுவந்த சேதி முக்கியமானது: உயரமான கல் கோபுரத்தின் காலம் முடியப் போகிறது. இரண்டாம் ஜேம்ஸுக்குப் பீரங்கி என்றால் அவ்வளவு ஆசை, 1460இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் பக்கத்தில் ஒரு பீரங்கி வெடித்துச் சிதறித்தான் அவர் உயிர் போனது.

இப்போது ராஜாக்கள் ஏன் கீழே இறங்கினார்கள் என்பதற்கு வருவோம். பாறை உச்சியில் குளிர்காற்று நிற்காமல் வீசும். இடம் நெருக்கம். தோட்டம் போட முடியாது, வேட்டைக்குப் போக முடியாது. கூடவே சத்தமும் புகையுமாகப் பீரங்கிப் பட்டறையும் ஆயுதக் கிடங்கும். சரிவின் அடிவாரத்தில், ஒரு மைல் தள்ளி, 1128இல் முதலாம் டேவிட் நிறுவிய ஹோலிரூட் மடம் இருந்தது, அதன் விருந்தினர் அறைகளில் தங்குவது ராஜ குடும்பத்துக்குப் பிடித்துப்போயிற்று. நான்காம் ஜேம்ஸ் 1500களின் தொடக்கத்தில் மடத்தை ஒட்டியே அரண்மனை கட்டினார். அவருடைய ராணி மார்கரெட் டியூடர் இங்கிலாந்திலிருந்து வந்தது 1503இல். மேலே கோட்டையை அவர் கைவிடவில்லை, 1511 வாக்கில் பெரிய கூடம் ஒன்றை அங்கே கட்டி முடித்தார். அதன் மரச் சட்டக் கூரை இன்றும் தலைக்கு மேல் நிற்கிறது. விருந்து, விழா, அரசு நிகழ்ச்சி என்றால் மேலே போவார்கள், படுத்து எழுந்து வாழ்வதெல்லாம் கீழே.

ஆக ராஜாவுக்கு இரண்டு வீடு. நிம்மதி இருக்கும்போது ஹோலிரூட், பயம் வந்தால் பாறை. இதை ஸ்காட்லாந்தை ஆண்ட மேரி ராணியின் வாழ்க்கையில் அப்படியே பார்க்கலாம். 1566 மார்ச்சில் ஹோலிரூட் அரண்மனையில் அவர் இரவு உணவுக்கு உட்கார்ந்திருந்தபோது, ஆயுதங்களோடு புகுந்த பிரபுக்கள் அவருடைய செயலாளர் டேவிட் ரிட்சியோவை இழுத்துக் குத்திக் கொன்றார்கள், அதில் ராணியின் கணவர் டார்ன்லிக்கும் பங்கு உண்டு. மேரி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. அப்படிப்பட்ட அரண்மனையில் பிரசவத்துக்கு யார் படுப்பார்கள்? ஜூன் 19 அன்று எடின்பரோ கோட்டையில், ஜன்னலுக்கு வெளியே செங்குத்துப் பாறை இறங்கும் சின்னஞ்சிறு அறையில், மகனைப் பெற்றார். அந்தக் குழந்தைதான் ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ், 1603இலிருந்து இங்கிலாந்துக்கும் ராஜா.

அடுத்த ஆண்டே மேரி பதவி விலக வைக்கப்பட்டு, பிறகு இங்கிலாந்துக்குத் தப்பியோடி, அங்கே சிறைப்பட்டார். ஆனால் கோட்டையை வில்லியம் கிர்க்கால்டி என்ற தளபதி அவர் பெயரால் விடாமல் பிடித்து வைத்திருந்தார். 1571இல் தொடங்கி 1573 வரை நீண்ட அந்த முற்றுகைக்கு நீண்ட முற்றுகை என்றே பெயர். உள்ளே இரண்டு நகை வியாபாரிகள் மேரியின் பெயரில் நாணயம்கூட அடித்துக் கொடுத்தார்கள். கோட்டையில் 40 பீரங்கிகள், அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் ஏழே பேர். நகரத்தின் மீதே அவர்கள் சுட்டார்கள், வீடுகளுக்குத் தீ வைத்தார்கள், ஊர் மக்கள் பலர் செத்தார்கள். தன் ராணிக்கு விசுவாசமாக இருந்தவர் என்று கிர்க்கால்டியைப் புகழ்கிறவர்கள் உண்டு, ஆனால் கோட்டையின் நிழலில் வாழ்ந்த அந்தச் சாதாரண ஜனங்களை நினைக்காமல் எனக்கு அதைப் படிக்க முடிவதில்லை.

முற்றுகையிட்டவர்கள் குழந்தை ராஜா ஜேம்ஸின் பக்கத்தவர்கள், அவர்கள் முதலில் கைவைத்தது தண்ணீரில். பாறையின் அடியில் இருந்த புனித மார்கரெட் கிணற்றில் விஷம் கலந்தார்கள். 1573 ஏப்ரலில் அவர்களுக்கு உதவியாக இங்கிலாந்திலிருந்து வில்லியம் டிரூரி தலைமையில் சுமார் 1,000 வீரர்கள் வந்தார்கள், எல்லை நகரமான பெரிக்கிலிருந்து 27 பீரங்கிகளும் வந்தன. மே 17இல் அடிக்க ஆரம்பித்து, 12 நாளில் ஏறத்தாழ 3,000 குண்டுகள். மே 22இல் டேவிட் கோபுரத்தின் தெற்குச் சுவர் சரிந்தது. மறுநாள் இன்னொரு கோபுரமும் விழுந்தது. இடிபாடு வாயிலை அடைத்தது, ஏற்கெனவே வற்றிப்போயிருந்த கிணற்றையும் மூடிவிட்டது. கிர்க்கால்டி இன்னும் போராடலாம் என்றார், தண்ணீர் இல்லாத வீரர்கள் கலகம் செய்வோம் என்றார்கள். மே 28 சரணடைவு. ஆகஸ்ட் 3இல் அவரையும் அவர் தம்பியையும் அந்த இரண்டு நகை வியாபாரிகளையும் நகரத்தின் நடுச் சந்தியில் தூக்கிலிட்டார்கள்.

ஒரு காலத்தின் முடிவு அது. உயரமாகக் கட்டினால் பாதுகாப்பு என்ற எண்ணம், அந்த உயரமே பீரங்கிக்கு நல்ல குறியாகும்போது செல்லாமல் போகிறது. அடுத்துக் கோட்டையைச் சீரமைத்தவர்கள் கோபுரத்தைத் திரும்ப எழுப்பவில்லை. அதன் அடிப்பாகத்தை உள்ளே வைத்தே, அதைச் சுற்றிப் பிறை வடிவில் தடித்த பீரங்கி மேடை ஒன்றைக் கட்டினார்கள். நகரத்தைப் பார்த்து வளைந்து நிற்கும் அந்த மேடைதான் இன்று கோட்டையின் முகம். அதற்குள்ளே ராஜாவின் வீடு புதைந்திருக்கிறது என்பதே மறந்துபோய், 1912இல்தான் கண்டுபிடித்தார்கள்.

ராஜ இல்லம் என்ற பெயருக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் மிச்சம். 1603இல் ஆறாம் ஜேம்ஸ் லண்டன் போய்விட்டார். 1617இல் அவர் ஊருக்கு வரும்போது பார்ப்பதற்காக அரண்மனைப் பகுதியைப் புதுப்பித்து, அவர் பிறந்த அறையை அலங்கரித்தார்கள். 1633இல் அவர் மகன் முதலாம் சார்லஸ், ஸ்காட்லாந்து ராஜாவாக முடிசூடுவதற்கு முந்தைய இரவு கோட்டையில் தங்கினார். ஆளும் ராஜா ஒருவர் அங்கே படுத்துத் தூங்கியது அதுதான் கடைசி.

அப்புறம் அது வெறும் படைத்தளம். 1650இல் இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படை முற்றுகையிட்டபோது, இன்னும் தாங்கக்கூடிய அளவு பொருட்கள் இருந்தும் கோட்டைத் தலைவர் டிசம்பரில் ஒப்படைத்துவிட்டார். நான்காம் ஜேம்ஸின் விருந்துக் கூடத்தை வீரர்கள் தங்கும் அறைகளாக்கினார்கள். 1745இல் நடந்தது ஒரு விசித்திரக் காட்சி: பழைய ராஜ வம்சத்தின் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் நகரத்தைப் பிடித்து, தன் மூதாதையரின் ஹோலிரூட்டில் தர்பார் நடத்துகிறார், அதே தெருவின் மறுமுனையில் பாறை மேல் அரசாங்கத்தின் காவல்படை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதை முற்றுகையிடத் தேவையான பெரிய பீரங்கிகள் அவரிடம் இல்லை. உணவு போகாமல் வழியை அடைத்துப் பார்த்தார், மேலிருந்து நகரத்தின் மீது குண்டு விழுந்ததும் அதையும் கைவிட வேண்டியிருந்தது. கோட்டை சந்தித்த கடைசிப் போர் அதுதான். பிறகு நிலவறைகளில் போர்க் கைதிகளை அடைத்தார்கள், 1811இல் 49 பேர் சுவரில் துளை போட்டுக் கயிற்றில் இறங்கித் தப்பினார்கள், ஒருவர் விழுந்து இறந்தார்.

ராஜாக்கள் போன பிறகும் கிரீடம் மட்டும் இருந்தது. ஐந்தாம் ஜேம்ஸ் 1540இல் புதுப்பித்த கிரீடம், போப்பாண்டவர்கள் அனுப்பிய செங்கோல், வாள் என்று மூன்றும், குரோம்வெல் காலத்தில் டன்னாட்டர் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கடத்தப்பட்டு, கினெஃப் என்ற கிராமத்துத் தேவாலயத்தின் தரைக்கடியில் 1660 வரை புதைந்து கிடந்தன. 1707இல் இரு நாடுகளின் நாடாளுமன்றங்களும் ஒன்றானபோது அவற்றை எடின்பரோ கோட்டையில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள், நூறு ஆண்டுக்கும் மேல் யாரும் திறக்கவில்லை. திருட்டுப் போயிருக்கும் என்றே பலர் நம்பினார்கள். 1818இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் அனுமதி வாங்கி, ஆட்களோடு வந்து பெட்டியை உடைத்துத் திறந்தபோது மூன்றும் துணியில் சுற்றியபடி உள்ளே இருந்தன. இன்றும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள். எட்வர்ட் எடுத்துப்போன முடிசூட்டுக் கல்லும் 1996இல் லண்டனிலிருந்து வந்து பக்கத்திலேயே இருந்தது, 2024இல் பெர்த் அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நேரில் போக வாய்ப்புக் கிடைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாயிலில் தெரியும் கம்பீரமான முகப்பைப் பார்த்து இடைக்காலம் என்று நினைத்துவிடாதீர்கள், அது 1888இல் கட்டியது. பெரிய கூடத்தின் சுவர் அலங்காரமும் அதே காலத்துச் சீரமைப்புதான், கூரையை மட்டும் நிமிர்ந்து பாருங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மதியம் ஒரு மணிக்கு வெடிக்கும் பீரங்கி 1861இல், லீத் துறைமுகக் கப்பல்கள் நேரம் சரிபார்க்கத் தொடங்கிய வழக்கம். நேரம் இருந்தால் காலையில் ஹோலிரூட்டைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தெரு வழியாகவே நடந்து ஏறுங்கள். மேலே போனதும் கிரீட அறைக்கு வரிசையில் நிற்பதற்கு முன்னால், பிறை மேடைக்கு அடியில் டேவிட் கோபுரத்தின் மிச்சச் சுவர்களுக்குப் போகும் வழி எது என்று அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள், பலர் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.